பெட்ரோல் டேங்க்குக்குள் செங்கல் நிறத் துணி

ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில், சரியாக நடுவில், என் வண்டி ஒரு தும்மல் போட்டது. அப்புறம் இன்னொரு தும்மல். அப்புறம் நின்றே போனது.

காலை நேரம். திருப்பூரில் காலை நேரம் என்றால் அது கம்பெனி வேன்களின் நேரம். எனக்குப் பின்னால் ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு வேன், அதற்குப் பின்னால் துணி ரோல் ஏற்றிய டெம்போ, அதற்கும் பின்னால் பஸ். எல்லோரும் ஒன்றாக ஹாரனை அமுக்கினார்கள். ஹாரன் அடித்தால் நின்ற வண்டி கிளம்பிவிடும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு.

வேறு யாராவது என்றால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். என்னால் முடியாது. சின்ன வயதில் வந்த போலியோவில் என் வலது கால் சூம்பிப் போனது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் காலிப்பர் என்கிற இரும்புப் பட்டை மாட்டியிருப்பேன். என் ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சைடு வீல் உண்டு. அந்தக் கனத்தை ஏற்றத்தில் தள்ள இரண்டு ஆள் வேண்டும்.

இரண்டு ஆள் வந்தார்கள். வேனிலிருந்து குதித்த வடநாட்டுத் தொழிலாளிகள். "தீதி, பிரேக் சோடோ" என்றார் ஒருவர், அக்கா, பிரேக்கை விடுங்கள் என்று. நான் பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்ததை அவர் கையைக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். விட்டேன். பாலத்தின் உச்சிவரை தள்ளிவிட்டு ஓடிப் போய் வேனில் தொற்றிக்கொண்டார்கள். அவர்கள் பெயர்கூடத் தெரியாது. இன்றைக்கும் எங்கேயோ நன்றாக இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு பட்டனை அமுக்கினேன். வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. கெட்டுப் போனால் கெட்டுப் போனதாக இருக்க வேண்டாமா?

அந்த வேலையும் நானும்

போன வாரம் துணி ஓரம் அடிக்கும் என் முதல் ஓவர்லாக் மெசினைப் பற்றி எழுதியதைப் படித்த பழைய தோழி ஒருத்தி போன் செய்து, "மெசினப் பத்தி எழுதுன, வண்டியப் பத்தி எழுதலியே, அது கோவிச்சுக்காதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகவே இந்த வாரம் வண்டி.

இது செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த காலம். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு சின்ன யூனிட்டில் பல வருடம் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பல்லடம் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் சாம்பிள் செக்சனுக்கு இன்சார்ஜாகக் கூப்பிட்டார்கள். சாம்பிள் என்பது ஆர்டர் கிடைப்பதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்து அனுப்பும் முதல் உருப்படி. அது சரியாக இருந்தால்தான் ஆயிரக்கணக்கான உருப்படிக்கு வழி பிறக்கும். என் காலை மட்டுமே பார்க்கிற உலகத்தில், என் கையைப் பார்த்து ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கம்பெனி வேன் எங்கள் தெரு முனைக்கே வரும். ஆனால் அதன் படி என் இடுப்பு உயரம். தினமும் யாராவது தூக்கி ஏற்ற வேண்டும். முதல் நாள் அப்படித்தான் ஏறினேன். வீட்டுக்கு வந்து, இனிமேல் என் வண்டியில்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் கொதித்தன.

ஆகவே வண்டி ஓடினால் வேலை. வண்டி நின்றால் வேலை இல்லை. மேம்பாலத்தில் நின்ற அன்றைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"ஏனுங்கம்மா, நீங்க வராம கட்டிங் மாஸ்டரும் டெய்லருங்களும் சும்மா உக்காந்திருக்கறாங்க. இந்த வாரத்துல மூணாவது வாட்டிங்க. உங்க வேலையில எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா அடுத்த வாரமும் இப்படியின்னா, செக்சன வேற ஆளுகிட்டக் குடுக்கறதத் தவிர எனக்கு வழியில்லீங்க."

சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்னதான் செய்வது?

மெசின் டேபிளில் ஒரு ஒர்க்‌ஷாப்

எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பவர் தையல் மெசின் டேபிள் கிடந்தது. மெசினைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அது இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு தகர டப்பாவைத் தொங்கவிட்டேன். கழற்றும் திருகாணி எல்லாம் உருண்டு உருண்டு அந்த டப்பாவுக்குள்தான் விழும், ஒன்றும் தொலையாது. பட்டறை வைத்திருப்பவர்கள் என் டேபிளைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

தையல் மெசினைக் கழற்றி மாட்டப் பழகிய கைக்கு ஸ்கூட்டர் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அதே திருகாணி, அதே ஸ்பிரிங், எண்ணெய் மட்டும் வேறு. வண்டியின் கால் பிரேக்கை என்னால் மிதிக்க முடியாது என்பதால், லேத்துக்காரரிடம் ஒரு சின்ன இரும்புத் துண்டு கடைந்து வாங்கி, கேபிள் போட்டு, அதைக் கை பிரேக்காக மாற்றிக்கொண்டேன். ஓவர்லாக் மெசினில் பெடலையும் மேலே இருக்கும் கம்பியையும் இணைக்க ஒரு சின்னச் சங்கிலி இருக்கும். என் பிரேக்கிலும் ஓர் இடத்தில் அந்தச் சங்கிலிதான். கேபிள் அறுந்தாலும் அறும், அந்தச் சங்கிலி அறுந்ததே இல்லை.

கார்புரேட்டரில் ஜெட் என்று ஒரு பித்தளைத் துளி இருக்கும். அதன் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் இஞ்சினுக்குப் போகும். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும். நான் லேபிள் தைக்கும் நைலான் நூலை விட்டு இழுப்பேன். அழுக்கு வந்துவிடும், ஓட்டை அப்படியே இருக்கும்.

பெட்ரோல் போடுவது மட்டும் என் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். வாரம் ஒரு நாள் அவர்தான் வண்டியைப் பங்க்குக்கு எடுத்துப் போய் டேங்க்கை நிரப்பிக் கொண்டுவருவார். டேங்க் மூடி சீட்டுக்கு அடியில் இருந்தது. நான் இறங்கி, சீட்டைத் தூக்கி, மறுபடி ஏறுவதற்குள் பின்னால் நிற்பவர்கள் கிழவர்களாகிவிடுவார்கள்.

பஞ்சு எங்கேதான் இல்லை?

முதல் தடவை வண்டி நின்றபோது மெக்கானிக்கிடம் விட்டோம். பிளக்கை மாற்றினார். இரண்டு நாள் ஓடியது. மறுபடி நின்றபோது ஒயரை மாற்றினார். அதற்குப் பிறகும் நின்றபோது, "வண்டிய மாத்திருங்க்கா" என்றார். அவரிடம் விட்டால் வண்டியில் அடுத்து மாற்ற வேண்டியது நான்தான் என்று எனக்குத் தோன்றியது. வீட்டிலேயே பிரித்துப் பார்த்தேன்.

ஜெட்டில் பஞ்சு இருந்தது. ஒரு சிட்டிகை, லேசான சிவப்பில். நூல் விட்டு இழுத்துத் துடைத்து மாட்டினேன். நன்றாக ஓடியது. இரண்டு நாள் கழித்து மேம்பாலம்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் பெட்ரோல் போகிற இடத்தில் பஞ்சு எப்படி வந்தது என்று அப்போதே யோசித்திருப்பார்கள். எங்களுக்கு அது தோன்றவே தோன்றாது. திருப்பூரில் பஞ்சு எங்கேதான் இல்லை? மூக்கில் பஞ்சு, தலையில் பஞ்சு, சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் ரசத்தில் பஞ்சு. கார்புரேட்டரில் இருந்தால் என்ன அதிசயம்? காற்றில் வந்திருக்கும் என்று ஊதிவிட்டேன்.

வீட்டில் எனக்கு எதிராக ஒரு கட்சி வேறு இருந்தது. அந்தக் கட்சியில் ஒரே உறுப்பினர், என் மாமனார். தெருக்கோடியில் இருக்கும் ஒரு தையல் யூனிட்டில் ராத்திரி வாட்ச்மேன். காலையில் சைக்கிளில் வீட்டுக்கு வருவார், நான் கிளம்பும் நேரம் அதுதான். தினமும் அதே பேச்சு.

"அந்த வண்டிய வித்துப் போடு அம்மணி. உள்ளூருலயே பீஸ் ரேட்டுக்குத் தெச்சா ஆகாதா? ரோட்டுல லாரி வர்றதும் போறதும், நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

"எனக்கு அந்த வேல புடிச்சிருக்குதுங்க மாமா."

"புடிச்சிருந்தா? ரோட்டுல நின்னு போனா ஆரு வந்து தூக்குவா?"

வண்டியைக் கிளப்பிவிடுவேன். அதற்குப் பிறகு வழியில் வண்டி நிற்கும்போது, அவர் வாயைத்தான் வைவேன். அவர் சொல்லிச் சொல்லியே வண்டி நிற்கிறது என்று வீட்டுக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வாரமும் வண்டி நின்றால் செக்சன் போய்விடும். கையில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் டீயைக் குடித்துவிட்டு வண்டியைப் பின்பக்கம் நிறுத்தச் சொன்னேன். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூபைக் கழற்றி, ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டேன்.

பெட்ரோல் நன்றாகக் கொட்டியது. பாட்டிலில் கால் பங்கு நிறைந்தது. பிறகு மெலிந்தது. சொட்டியது. நின்றது. டேங்க்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறது, ஆனால் வரவில்லை.

சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே மறுபடி கொட்ட ஆரம்பித்தது. மேம்பாலத்தில் நடந்தது அத்தனையும் என் கண் முன்னால் அந்த பாட்டிலில் நடந்தது. பிளக்கும் இல்லை, ஒயரும் இல்லை. டேங்க்குக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. பெட்ரோல் இழுக்கும்போது அது வந்து டியூபுக்குப் போகும் வாயை அடைக்கிறது. இழுவை நின்றதும் விலகிக்கொள்கிறது.

"ஏனுங்க, உள்ள என்னமோ கெடக்குது. வெளிச்சம் கொண்டாங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் கையில் தீப்பெட்டியோடு ஓடிவந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். அதில் யாரோ டார்ச் கொடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவே தப்பித்தது.

டார்ச்சில் பார்த்தால் அடியில் ஏதோ நிழல் மாதிரி அசைந்தது. கை போகாது, குறடும் எட்டாது. என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு நிட்டிங் ஊசியைக் கொண்டுவந்தார். துணி பின்னும் மெசினில் இருக்கும் ஊசி அது. நுனியில் குட்டிக் கொக்கியும் அதை மூடும் ஒரு நாக்கும் இருக்கும். தீப்பெட்டி கொண்டுவந்த பாவத்தை அந்த ஊசியில் கழுவிக்கொண்டார். அதை ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியில் வைத்து, நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். உள்ளே விட்டுத் துழாவினேன். மாட்டியது, நழுவியது. மறுபடி மாட்டியது. மெதுவாக மேலே இழுத்து, வாய்க்கு வந்ததும் ஓவர்லாக் நூல் கோக்கும் இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தேன்.

ஒரு துண்டுத் துணி. நான்கு விரல் அகலம் இருக்கும்.

துணி சொன்ன சேதி

வேறு ஊரில் அது வெறும் துணி. இங்கே துணிக்கு முகவரி உண்டு. பிழிந்து விரித்தேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பொசுபொசுவென்று பஞ்சு. குளிர்காலச் சட்டைக்குப் போகும் ஃப்ளீஸ். செங்கல் நிறம். விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியது இல்லை. நூல் பிசிறு வெட்டும் சின்ன ட்ரிம்மரால் கடித்துக் கடித்து வெட்டியது.

அந்த மாதம் எங்கள் பக்கத்தில் செங்கல் நிற ஃப்ளீஸ் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். தெருக்கோடி யூனிட். மாமனார் ராத்திரி காவல் இருக்கும் யூனிட்.

காது சூடாகியது. வண்டியை விற்கச் சொன்னவர். ரோட்டில் நின்றால் யார் தூக்குவார்கள் என்று தினமும் கேட்டவர். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தெ பொறு, சித்தெ பொறு" என்று பின்னாலேயே வந்தார். நான் பொறுக்கவில்லை. பெட்ரோல் நெடி அடிக்கும் துணியோடு முன்பக்கம் போனேன். அதற்குள் மத்தியானம் ஆகியிருந்தது. ராத்திரி டூட்டி முடித்து வந்து படுத்த மாமனார் அப்போதுதான் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது என்னங்க?"

வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"இது டேங்க் மூடிக்கு நான் வெச்சதாச்சே. உனக்கு எப்படிக் கெடச்சுது?"

மறைக்கவே இல்லை. அதுதான் என்னை நிறுத்தியது.

"நீங்களா வெச்சீங்க?"

"ஆமாங் கண்ணு. சைடு வீலுக்குக் காத்தடிக்கறப்பப் பெட்ரோல் வாசம் வந்துச்சு, சீட்டத் தூக்கிப் பாத்தன், மூடி லொடலொடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. ரப்பரு இத்துப் போச்சாட்ட இருக்குது. மழ பேஞ்சா டேங்க்குல தண்ணி எறங்கும், அப்பறம் வண்டி நடு ரோட்டுல நின்னு போகும். நீ கீழ எறங்க முடியாம நிப்பியேன்னு, ஒரு துண்ட வெட்டி மூடிக்கு அடியில வெச்சு அமுக்கி உட்டன். நல்ல கெட்டித் துணியாப் பாத்துத்தான் எடுத்தன்."

பெட்ரோல் போட மூடியைத் திறந்தபோது அது உள்ளே விழுந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. அவர் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காத்தடிச்சீங்களா? சைடு வீலுக்கா?" என்றேன். என் வண்டியின் டயரில் காற்று இறங்குவதே இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

"டூட்டி முடிஞ்சு வந்தொடனே, நீ உள்ள கெளம்பறதுக்குள்ள அடிச்சு வெச்சுப் போடுவன். ஏன், எச்சா அடிச்சுட்டனா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த மனுசருக்கு நான் வண்டியில் போவது பிடிக்கவில்லை என்பது உண்மை. போகிற வண்டி பத்திரமாகப் போக வேண்டும் என்று அவர் நினைத்ததும் உண்மை. இரண்டையும் ஒரே மனசில் வைத்திருந்தார். துணியால்தான் வண்டி நின்றது என்பதை என் வீட்டுக்காரர் சொன்னபோது, டீயைக் கீழே வைத்துவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் உன்ன ரோட்டுல நிறுத்துனனா?" என்றார்.

"மழ பேஞ்சிருந்தா அப்பவும் நின்னிருக்குமுங்க மாமா. மூடி ஆடறத நானே பாக்கலியே. நீங்கதான் பாத்தீங்க. இப்ப நல்லதா ஒரு வாசர் போட்டுக்கலாம், உடுங்க."

முதலில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் பெட்ரோல் பட்டு பஜ்ஜி மாதிரி உப்பிக் கிடந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மோட்டார் பம்புக்குப் போடும் கார்க் ஷீட் ஒரு துண்டு தேடி எடுத்து, கார்மென்ட் பேட்டர்ன் வெட்டுகிற மாதிரி அட்டையில் அளவெடுத்து வெட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. டேங்க்கைக் காலி செய்து, மிச்சம் மீதிப் பஞ்சை அலசி, ஜெட்டை மறுபடி நூல் விட்டு இழுத்து மாட்டினேன்.

திங்கட்கிழமை

அனுப்பர்பாளையம் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஓட்டினேன். வண்டி தும்மவில்லை. அவிநாசி ரோட்டில் வழக்கமான நெரிசல், நகர்ந்து நகர்ந்து போனோம். மேம்பாலத்தின் ஏற்றம் வந்தது. பின்னால் வேன் ஏதும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்தேன்.

ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஆள், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் காக்கிச் சட்டை. ராத்திரி முழுவதும் காவல் இருந்துவிட்டு, தூங்கப் போகாமல் என் பின்னாலேயே வந்திருக்கிறார். ஏற்றத்தில் முடியாமல் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். தலையை மட்டும் நிமிர்த்தி என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உச்சியைக் கடந்தேன். வண்டி நிற்கவில்லை. அந்தப் பக்கம் இறங்கியதும் இடது ஓரமாக ஒதுங்கி, சாவியைத் திருப்பி அணைத்தேன்.

இறக்கத்தில் சைக்கிளை விட்டுக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிக் குதித்தார். சைக்கிளைப் போட்ட வேகத்தில் அது சரிந்து விழுந்தது.

"மறுக்காவும் நின்னு போச்சா கண்ணு?"

"நிக்கலீங்க மாமா. நாந்தான் நிறுத்துனேன்."

மூச்சு வாங்க என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது. காலிப்பரோடு சட்டென்று இறங்கிக் குனிய முடியாது. "நீங்க ஊட்டுக்குப் போய்ப் படுங்க மாமா, இனி நான் போய்க்கறனுங்க" என்றேன்.

"அப்பறம் எதுக்கு நிறுத்துன? நேரமாகுது பாரு. மேனேஜரு வைவாருல்ல? போ சாமி, போ."

பட்டனை அமுக்கினேன். வண்டி தானாகவே கிளம்பியது. இருந்தாலும் அவர் பின்னால் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார்.